கோல் கணக்கில் தண்ணீர் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், ஹாக்கியில் கோல் வித்தியாசம், அதாவது போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது, வெறும் கண்துடைப்பு என்று எழுதியிருந்தார். மாநிலப் போட்டிகளுக்கு அணிகளை அனுப்பும்போது அதைப் பார்க்கவே கூடாது, யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பது போதும் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் நிறுத்திய சாட்சி, 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. 76 கோல் போட்டுவிட்டு வந்த இந்தியாவை நம் மலேசியப் பையன்கள் அரையிறுதியில் மடக்கவில்லையா என்று கேட்டிருந்தார்.

அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் போதாமல் வெட்டுவதாக இருந்தால் ஐஸ் ஹாக்கியை வெட்டுங்கள்; ரப்பர் பாலை வெட்டிவிடாதீர்கள்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 1975இல் பதினெட்டு வயதில் சின்னக் கிராணியாகச் சேர்ந்து, முப்பத்தொரு ஆண்டு கணக்கு எழுதியவன் நான். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. முதலில் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்பு வந்தது. ஸ்டோர் இருந்த இடத்தில் இன்று கார் கழுவும் கடை இருக்கிறது. வேலையை விட்ட பிறகு வட்டாரப் பள்ளி ஹாக்கி ஆட்டங்களில் மேசையில் உட்கார்ந்து கோல் எழுதும் வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். சம்பளம் கிடையாது; ஒரு பொட்டலம் மீகோரெங், ஒரு பாட்டில் தண்ணீர். எண்களை எழுதாமல் இருந்தால் எனக்குக் கை அரிக்கும்.

தோட்டத்தில் விடியற்காலை பெரட்டில் பேர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் குறித்து, வெளிக்காட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பதினோரு மணிவாக்கில் ஸ்டோருக்கு வந்து பால் நிறுக்க வேண்டும். காண்டாக் கம்பில் இரண்டு வாளி தொங்க ஒவ்வொருவராக வருவார்கள். வாளி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது யார் கண்ணுக்கும் தெரியும். அதில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. அதற்குத்தான் மெட்ரோலாக். உயரமான குழலில் பாலை ஊற்றி அந்தக் கருவியை மிதக்கவிட்டால், கெட்டிப் பாலில் ஆழமாக இறங்கும், தண்ணீர் சேர்ந்த பாலில் மேலே ஏறி நிற்கும். மாட்டுப் பாலுக்கு நேர் எதிர். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது, அதனால் அப்படி. நல்ல நாளில் நூறு கிலோ பாலில் முப்பது கிலோவுக்கு மேல் காய்ந்த ரப்பர் கிடைக்கும். மழை பிடித்த நாளில் அது இறங்கிவிடும்.

ஒரு மழை நாளில் ஒரு பெரியம்மா இரண்டு வாளியும் தளும்பத் தளும்பக் கொண்டு வந்தார். மெட்ரோலாக் இறங்கவே மாட்டேன் என்றது. மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் விழுந்தது மழைநீரா, வழியில் இருந்த ஓடையின் நீரா என்று நான் கேட்கவில்லை. அவருக்கு ஐந்து பிள்ளைகள். கருவி காட்டிய எண்ணைத் தலை நிமிராமல் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் துரை ஒரு கேள்வி கேட்பார்: அடுத்த மாதம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அந்த மதிப்பீட்டைத் தயார் செய்வது கிராணியின் வேலை. முதல் வருடம் நான் செய்த தப்பு, அந்த மாதத்தில் பால் பெருகி வந்த நாலைந்து நாட்களை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியது. இரண்டு முறை திட்டு வாங்கினேன். பிறகு பெரிய கிராணி சொல்லிக் கொடுத்தார்: வாளியைப் பார்க்காதே, காய்ந்த எடையைப் பார். ஒரு மாதத்தைப் பார்க்காதே, மூன்று மாதத்தைப் பார். மழை நாட்களைத் தனியாக எண்ணு. மரம் இலை உதிர்க்கும் காலம் வருகிறதா என்று பார். இதற்குப் பிறகும் தப்பு வந்தது; ஆனால் சின்னத் தப்பு.

இனி ஹாக்கி. வாசகர் அன்பரின் ஜகார்த்தாவையே எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டு 30, சுதந்திர தினத்துக்கு முதல் நாள். எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் நாற்காலி கிடைக்கவில்லை, நின்றுகொண்டுதான் பார்த்தேன். பாதிப் பேருக்கு யார் ஜெயித்தாலும் மகிழ்ச்சிதான், அதை வெளியே சொல்லவில்லை. இந்தியா அதற்கு முன் பிரிவு ஆட்டங்களில் இந்தோனேசியாவை 17-0, ஹாங்காங்கை 26-0, ஜப்பானை 8-0, தென்கொரியாவை 5-3, இலங்கையை 20-0 என்று வென்றிருந்தது. போட்டது 76, வாங்கியது 3. அந்த 26-0, இந்தியா 1932 ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 24-1 என்று வென்ற பழைய பெரு வெற்றியையும் தாண்டியது. அப்படிப்பட்ட அணியுடன் மலேசியா 2-2 என்று சமன் செய்து, ஷூட்-அவுட்டில் 7-6 என்று வென்றது. தம்பினைச் சேர்ந்த நம் கோல் காவலர் குமார் சுப்ரமணியம் பந்தைத் தடுத்தபோது கடைக்காரர் தே தாரிக்கை யாருடைய மேசையிலோ வைத்துவிட்டு ஓடிவந்தார்.

எழுபத்து மூன்று கோல் வித்தியாசம் பொய்யாகிவிட்டது என்று அன்று நானும் சொன்னேன். மறுநாள் விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து பழைய வழக்கப்படி மெட்ரோலாக்கை மிதக்கவிட்டேன். இந்தோனேசியா, ஹாங்காங், இலங்கை ஆகிய மூன்று ஆட்டங்களையும் ஒதுக்கிவைத்தால் 63 கோல் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது ஜப்பானும் கொரியாவும்: போட்டது 13, வாங்கியது 3. இதுவும் நல்ல கெட்டிப் பால்தான். இந்தியா வலுவான அணி என்று காட்டுகிறது. வெல்ல முடியாத அணி என்று காட்டவில்லை. 60 நிமிட ஆட்டத்தில் மலேசியா அவர்களை வெல்லவும் இல்லை, சமன்தான் செய்தது என்பதையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். எட்டு நொடிக்குள் கோல் காவலரைத் தாண்டிப் பந்தைப் போடும் அந்தப் பலப்பரீட்சையில் 76 கோலுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

அன்பர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. செப்டம்பர் 1ஆம் தேதி இறுதியாட்டத்தில், முன்னிலையில் இருந்த நாம் 6-6 என்று கோட்டைவிட்டு, ஷூட்-அவுட்டில் 3-1 என்று ஜப்பானிடம் தங்கத்தைக் கொடுத்தோம். இந்தியாவிடம் எட்டு கோல் வாங்கிய அதே ஜப்பான்! இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

இதைக் கொண்டு கோல் வித்தியாசம் பொய் என்று முடிவு கட்டினால், ஒரே ஒரு நாள் பாலை வைத்து அடுத்த மாத மகசூலை எழுதிய என் பழைய தப்பையே செய்வோம். அந்த இந்திய அணி பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு பதக்கம், வெண்கலம். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 68 கோல் போட்டு, இறுதியாட்டத்தில் ஜப்பானை 5-1 என்று வென்று தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மறுபடியும் வெண்கலம். ஜகார்த்தாவின் கோல் கணக்கு சொன்ன சேதி தப்பில்லை. அந்த ஒரு நாளுக்கு அது உதவவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜகார்த்தாவில் வெள்ளி வாங்கிய மூன்றே மாதத்தில் புவனேஸ்வரில் உலகக் கிண்ணம். நெதர்லாந்திடம் 0-7, பாகிஸ்தானுடன் 1-1, ஜெர்மனியிடம் 3-5. பாகிஸ்தானுக்கும் நமக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. நாம் போட்டது நான்கு கோல், அவர்கள் போட்டது இரண்டுதான். ஆனால் நம் வித்தியாசம் மைனஸ் 9, அவர்களுடையது மைனஸ் 5. அவர்கள் அடுத்த சுற்றுக்குப் போனார்கள், நாம் விமானம் ஏறினோம். நெதர்லாந்துக்கு எதிராகக் கடைசியில் நான்கு கோலைத் தடுத்திருந்தால் கதை வேறு. தோற்றுக்கொண்டிருக்கும்போதும் தற்காப்பைக் கைவிடாதே என்று பிள்ளைகளிடம் சொல்ல இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

வெற்றி தோல்வி மட்டும் போதாதா என்று அன்பர் கேட்கிறார். போதாது. 1-0 வெற்றிக்கும் 5-0 வெற்றிக்கும் மூன்று புள்ளிதான். ஆனால் 1-0 என்று ஜெயித்த அணி, மட்டை நுனியில் பட்டுத் திசை மாறிய ஒரு பந்தால் தோற்றிருக்கலாம். அப்படி நாலு ஆட்டம் ஜெயித்த அணி அடுத்த பருவத்திலும் அதே மாதிரி ஜெயிக்கும் என்று நம்புவது, கட்டிப்பால் விலை இந்த வாரம் ஏறியது, அடுத்த வாரமும் ஏறும் என்று நம்பிக் கடன் வாங்குவது போல. ஐந்து கோல் வித்தியாசம் அதிர்ஷ்டத்தால் மட்டும் வருவது அரிது. அதனால்தான், போன மாதப் புள்ளிப் பட்டியலைவிடப் போன மாதக் கோல் கணக்கு வருங்காலத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறது.

இதற்கு ஒரு வாய்ப்பாடும் இருக்கிறது. பில் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் பேஸ்பால் ஆட்டத்துக்காக உண்டாக்கியது. ஹாக்கிக்கும் ஓரளவு பொருந்துகிறது. போட்ட கோலை அதே எண்ணால் பெருக்குங்கள். வாங்கிய கோலையும் அப்படியே பெருக்குங்கள். முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எத்தனை பங்கு ஆட்டங்களில் ஜெயிக்க வேண்டிய அணி அது என்று தெரியும். 30 கோல் போட்டு 20 வாங்கிய அணிக்கு 900, 400, கூட்டினால் 1300. பதின்மூன்று ஆட்டத்தில் ஒன்பது ஜெயிக்கும் தரம். பதினொன்று ஜெயித்திருந்தால் இரண்டு ஆட்டம் அதிர்ஷ்டம் கொடுத்தது என்று வைத்துக்கொண்டு, அடுத்த பருவத்தில் கொஞ்சம் குறைவாக எதிர்பார்க்க வேண்டும்.

என் இளைய மகன் கனடாவில் இருக்கிறான். அங்கே ஐஸ் ஹாக்கிதான் மதம். தொலைபேசியில் குழந்தைகள் நலம் விசாரிப்பதற்குள் ஐஸ் ஹாக்கிக்குப் போய்விடுவான். அவன் சொல்லித்தான் டாம்பா பே லைட்னிங் என்ற அணியின் கதை எனக்குத் தெரியும். வட அமெரிக்கத் தேசிய லீக்கில் ஒரு பருவத்துக்கு ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டம். 2018-19 பருவத்தில் அந்த அணி 62 ஆட்டம் ஜெயித்தது. போட்டது 325, வாங்கியது 222, வித்தியாசம் 103. வாய்ப்பாட்டில் போட்டுப் பார்த்தேன்: 56 வெற்றிதான் வருகிறது. ஆக, கொஞ்சம் காற்றும் சாதகமாக அடித்திருக்கிறது. கிண்ணச் சுற்று தொடங்கியதும் முதல் எதிரியான கொலம்பஸ் அணியிடம் நான்கு ஆட்டத்தில் நான்கையும் தோற்று வீட்டுக்குப் போனார்கள். 'பார்த்தீர்களா அப்பா, எண்ணெல்லாம் குப்பை' என்றான் மகன். அடுத்த ஆண்டு, 2020இல், கிண்ணம் அவர்களுக்கு. 2021இலும் அவர்களுக்கே. நான் அவனைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தேன், அவனுக்குப் புரிந்தது.

அந்த ஆட்டத்தில் தண்ணீர் கலக்கும் இடம் ஒன்றையும் அவன் சொன்னான். ஒரு கோல் பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் கோல் காவலரை வெளியே எடுத்துவிட்டு, கூடுதலாக ஒரு தாக்குதல் ஆட்டக்காரரை இறக்கும். ஆளில்லாத வலைக்குள் எதிரி பந்தைத் தள்ளிவிடுவான். அங்கே பந்து இல்லை, வட்டமான ரப்பர் வில்லை. அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கடைசி வரை சமமாகப் போன ஆட்டம் தாளில் 3-1, 4-1 என்று பதிவாகிவிடும். அப்படிப்பட்ட கோல்களைத் தனியாகப் பிரித்துவிட்டுத்தான் விவரம் தெரிந்தவர்கள் கணக்குப் போடுகிறார்களாம். அதற்கும் மேலே போய், கோலை விட்டுவிட்டு இலக்கை நோக்கி அடித்த அடிகளையே எண்ணுகிறார்கள். கோல் அபூர்வமாக விழுகிறது, அடிகள் நிறைய. நிறைய இருப்பதை எண்ணினால் தற்செயல் சீக்கிரம் வடிந்துவிடும் என்பது காரணம்.

நம் ஹாக்கியிலும் கோல் காவலரை வெளியே எடுக்கும் வழக்கம் இப்போது சாதாரணம். ஆகவே நானும் இரண்டு ஆண்டாக என் நோட்டில் கோலுடன் இரண்டு பத்தி கூட்டியிருக்கிறேன்: எத்தனை பெனால்டி கார்னர், எத்தனை தடவை கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் நுழைந்தார்கள். இந்த இரண்டிலும் முன்னால் இருந்து கோலில் பின்னால் இருக்கும் அணியைக் கண்டால், அடுத்த ஆட்டத்துக்கு அதன்மேல் ஒரு கண் வைப்பேன்.

ஒரே ஆட்டத்தின் வித்தியாசம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2023 ஆகஸ்டில் ஆசிய வெற்றியாளர் கிண்ணப் போட்டியில் இந்தியா நம்மை 5-0 என்று துவைத்தது. ஆறே நாள் கழித்து இறுதியாட்டத்தில் அதே இரண்டு அணி. பாதி ஆட்டத்தில் நாம் 3-1 என்று முன்னிலை! கடைசியில் 4-3 என்று தோற்றோம், ஆனால் அந்த ஐந்து கோல் இடைவெளி எங்கே போயிற்று? டோக்கியோவில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று அடி வாங்கியது. மற்ற நான்கு ஆட்டங்களையும் ஜெயித்துப் பிரிவில் இரண்டாவதாக வந்த அணிக்கு மொத்தக் கோல் வித்தியாசம் வெறும் 2. அந்த ஓர் ஆட்டத்தைக் கழித்தால் 14-6. எது உண்மையான எடை?

வித்தியாசத்துக்குக் கெடு தேதியும் உண்டு. 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் பாகிஸ்தான் இந்தியாவை 7-1 என்று வென்றதை எங்கள் தலைமுறை மறக்காது. 1984இல் பாகிஸ்தானுக்கு ஒலிம்பிக் தங்கம். 1986 உலகக் கிண்ணத்தில் பன்னிரண்டு அணிகளில் பதினோராவது! மரம் அதே மரமாக இருந்தால்தான் பழைய மகசூல் கணக்கு செல்லும். பள்ளி அணிகளில் ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் மாறிவிடுகிறார்கள் என்பதைத் தேர்வாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது எங்கள் ஊர் விஷயம். வாசகர் அன்பருக்கும் இப்படி ஏதோ ஓர் உள்ளூர்க் கசப்பு இருக்கும் என்று நினைக்கிறேன்; இல்லாவிட்டால் அவ்வளவு சூடு வராது.

அண்மையில் எங்கள் வட்டாரத்தில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான லீக் நடந்தது. ஆறு அணி, ஆளுக்கு ஐந்து ஆட்டம். முதலிடம் பெறும் அணி அடுத்த கட்டத்துக்குப் போகும். என் பேத்தி ஓர் அணியின் கோல் காவலர். அவள் அணியும் இன்னோர் அணியும் நான்கு வெற்றி, ஒரு தோல்வி, பன்னிரண்டு புள்ளி என்று சமமாக நின்றன. எங்கள் பிள்ளைகள் அவர்களை நேருக்கு நேர் 2-1 என்று வென்றிருந்தார்கள். ஆனால் அனைத்துலக விதிகளின்படி புள்ளிகள் சமமானால் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, பிறகு கோல் வித்தியாசம், பிறகு போட்ட கோல்கள். நேருக்கு நேர் ஆட்டத்தின் முடிவு அதற்கும் பிறகுதான். இங்கேயும் அப்படித்தான். அவர்கள் 22 போட்டு 5 வாங்கியிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் 13 போட்டு 4. பதினேழுக்கு ஒன்பது. அவர்கள் போனார்கள்.

இந்தப் பதினேழு எப்படி வந்தது? கடைசி இடத்தில் இருந்த ஒரு சின்னப் பள்ளி. அன்று காலையிலிருந்து மழை. அந்தப் பிள்ளைகள் வந்த வேனில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். திடலில் ஒரு மூலை முழுக்கச் சேறு. பந்து அங்கே போனால் நின்றுவிடும். பதினொரு பேர் எட்டுப் பேருக்கு எதிராக ஆடி 14-0. மேசையில் நான்தான் எழுதினேன். ஒன்பதாவது கோலுக்குப் பிறகு அந்தச் சின்னக் கோல் காவலர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கக்கூடக் குனியவில்லை. நடுவரே போய் எடுத்தார்.

எங்கள் பிள்ளைகளும் இரண்டு நாள் கழித்து அதே பள்ளியுடன் ஆடினார்கள். அப்போதும் எட்டுப் பேர். எங்கள் பயிற்சி ஆசிரியை, வயது முப்பது இருக்கும், ஒன்றும் பேசாமல் மூன்று பேரை வெளியே கூப்பிட்டு உட்காரவைத்தார். எட்டுக்கு எட்டு. 3-0. அந்த மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டே எதிரணிப் பிள்ளை ஒருத்தி பந்தை நன்றாகக் கடத்தியபோது கைதட்டினார்கள்.

அந்த இன்னோர் அணியின் பயிற்சியாளர் விதியை மீறவில்லை. கோல் வித்தியாசத்தால் முடிவாகும் லீக்கில் கோல் போடுவதை நிறுத்து என்று யாரிடமும் சொல்ல முடியாது. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இறங்கிவிட்டது.

அந்தக் கடைசிப் பள்ளியுடனான ஆட்டத்தை இருவருக்கும் எடுத்துவிட்டால் அவர்களுக்கு 8-5, எங்களுக்கு 10-4. இதை நான் பேத்தியிடம் காட்டியபோது அவள் குதித்தாள். "அப்படியென்றால் கோல் வித்தியாசம் பொய்தானே, தாத்தா? பத்திரிகைக்கு எழுதுங்கள்" என்றாள். பொய் இல்லை அம்மா, தண்ணீர் கலந்த உண்மை என்றேன். "நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டுவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு போனவள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த கட்டத்துக்குப் போன அந்த அணி அங்கே மோசமாக ஆடவில்லை. மூன்றாவதாக வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் போயிருந்தால் இன்னும் நன்றாக ஆடியிருப்பார்களா? ஐந்து ஆட்டத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்பவன் பொய் சொல்கிறான். ஐந்து நாள் பாலை வைத்து நான் ஒருபோதும் துரைக்கு மதிப்பீடு கொடுத்ததில்லை.

ஆகவே கோல் வித்தியாசத்தைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லும் அன்பருடன் நான் சேரவில்லை. எங்கள் வட்டார ஏற்பாட்டாளர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: குட்டி லீக்குகளில் ஓர் ஆட்டத்துக்கு ஐந்து கோல் வித்தியாசத்துக்கு மேல் கணக்கில் சேர்க்காதீர்கள். 14-0 ஆனாலும் 5-0 ஆனாலும் ஐந்துதான். அதற்கு மேல் போடும் கோலால் யாருக்கும் லாபம் இல்லை என்றால், எட்டுப் பேருடன் வந்த பிள்ளைகளைச் சேற்றில் வைத்து அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பேத்திக்காக விதியை வளைக்கிறான் கிழவன் என்பீர்கள். இந்தக் கணக்கில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்பது, அவர்களுக்கு எட்டு வருகிறது என்பது உண்மைதான். அதனால்தான் வேறு இடங்களிலும் போட்டுப் பார்த்தேன். ஜகார்த்தாவில் இந்தியாவுக்கு 73 சுருங்கி 22 ஆகிறது. அப்போதும் பிரிவில் முதலிடம். புவனேஸ்வரில் நமக்கு மைனஸ் 7, பாகிஸ்தானுக்கு மைனஸ் 5. அப்போதும் நாம்தான் விமானம் ஏறுகிறோம். எனக்குப் பிடித்த பக்கம் சாய்கிற தராசு இல்லை இது.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். உள்ளூர் ஹாக்கி முடிவுகளை வெளியிடும்போது புள்ளிகளை மட்டும் போடுகிறீர்கள். போட்ட கோல், வாங்கிய கோல் என்று இரண்டு பத்தி சேருங்கள். முடிந்தால் பாதி ஆட்டத்து நிலவரத்தையும் போடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் விழுந்த கோல் எது, முதலிலிருந்தே அடக்கி ஆண்டது யார் என்று வாசகர்களே கண்டுகொள்வார்கள். இடம் இல்லை என்றால் என் நோட்டுகளை நகல் எடுத்து அனுப்புகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு நோட்டு இருக்கிறது. மூன்றாவது நோட்டின் ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது, கோல்கள் மட்டும் தப்பியிருக்கின்றன.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பி.கு.: வாசகர் அன்பர் தம் கடிதத்தில், 1975 உலகக் கிண்ண அரையிறுதியில் மலேசியா இந்தியாவிடம் 2-1 என்று தோற்றதாக எழுதியிருக்கிறார். 2-1 என்பது இந்தியா பாகிஸ்தானை வென்ற இறுதியாட்டம். கோலாலம்பூரில் நடந்த அந்த அரையிறுதி கூடுதல் நேரத்தில் 3-2 என்று முடிந்தது. அஸ்லாம் ஷேர் கான் சமன் செய்தார், ஹர்சரண் சிங் வெற்றி கோலைப் போட்டார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் நாம் 4-0 என்று தோற்று நான்காவதாக வந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெரிய கிராணி வீட்டு வாசலில் ரேடியோவைச் சுற்றி லயத்தில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை அந்த 3-2ஐச் செக்ரோலின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்து, பெரிய கிராணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.